பேட் புதிது, டிஸ்க் புதிது, சக்கரம் மட்டும் விடவில்லை

வண்டியின் முன்பக்க பிரேக் பேட், டிஸ்க் இரண்டையும் மாற்றியதிலிருந்து இடது சக்கரம் பிடித்துக்கொண்டே இருந்த தொல்லை ஒருவழியாகத் தீர்ந்தது. “புது பேட் அப்படித்தான் சார், ஓட ஓடச் சரியாகிவிடும்” என்று சொல்லாத ஆள் குன்னூரில் பாக்கியில்லை. லேசான உரசல் என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். இது உரசல் இல்லை, பிடி.

மலை இறங்கும்போது எல்லார் வண்டியிலும் பிரேக் வாடை வரும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஏற்றத்தில்தான் குட்டு உடைபடும். பர்லியாறிலிருந்து பிரேக்கை அதிகம் தொடாமலே ஏறி வந்து, இரு டிஸ்க்கிலும் விரலால் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தேன். இடதில் சுரீரென்று பொரிந்தது. வலதில் சும்மா வழிந்தது.

பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பர் நகர உதவும் ஸ்லைடு பின்கள் கையாலேயே வழுக்கிக்கொண்டு போய்வந்தன. பேட் உட்காரும் பிராக்கெட் துருவை உப்புத்தாளால் தேய்த்தாகிவிட்டது. ஜாக்கி போட்டு, பிரேக்கை ஒருமுறை மிதித்துவிட்டுச் சுற்றினால் சக்கரம் அசையவில்லை. காலிப்பரிலிருந்து ஆயிலை வெளியே விடும் பிளீடர் நிப்பிளைக் கால் சுற்றுத் திறந்ததும் பிரேக் ஆயில் ஒரு பீச்சு பீச்சியது, சக்கரம் விட்டுவிட்டது. பேடைத் தள்ளும் பிஸ்டன் துருவில் இறுகியிருந்தால் இப்படி விடாது. அழுத்தம்தான் உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி மிதித்து, இந்த முறை காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸின் மேல்முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினேன். சக்கரம் விடவில்லை. ஆக, அடைப்பு ஹோஸுக்குள்.

அந்த நட்டு இருக்கிறதே! நம் மூடுபனியில் துருவேறிக் கல்லாகியிருந்தது. ஓபன் ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கும். ரிங் ஸ்பேனர் குழாயைத் தாண்டி உள்ளே போகாது. ஒரு பக்கம் வாய் திறந்த ரிங்போல இருக்கும் பிளேர் நட் ஸ்பேனர்தான் வேண்டும். இங்கே கடைகளில் கேட்டால் சாதா செட்டை எடுத்து நீட்டுகிறார்கள், கோயம்புத்தூரில்தான் கிடைத்தது. துரு இளக்கும் எண்ணெயை இரவே விட்டு ஊறவைத்து, முதலில் இறுக்கும் பக்கம் இம்மி அசைத்து, அப்புறம்தான் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் இரும்புக் குழாயே முறுக்கிக்கொள்ளும்.

கழற்றிய ஹோஸை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புக்கூட இல்லை. உள்ளே ரப்பர் உப்பி, ஒரு மடல் உரிந்து துளையை மூடிக்கொண்டிருந்தது. மிதிக்கிற வேகத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடும். திரும்பி வரும்போது அந்த வேகம் ஏது? காலிப்பரின் ரப்பர் சீல் முறுக்கம் விட்டுப் பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது மயிரிழை அளவுதான்.

புது ஹோஸ், புதுச் செம்பு வாஷர், டாட் 4 தர பிரேக் ஆயில். டாட் 3 கொதிக்க 205 டிகிரி போதும். இதற்குக் குறைந்தது 230 வேண்டும், அதுவும் ஈரம் ஏறாத வரைதான். கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறவர்கள் இதில் சில்லறை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வலது ஹோஸுக்கும் அதே வயது. கடையில் சொல்லிவைத்திருக்கிறேன். அது வருவதற்குள் பின்பக்க பிரேக் டிரம்மைத் திறந்து, அங்கே பிரேக்கைத் தள்ளும் வீல் சிலிண்டர் கசிகிறதா என்று பார்க்க ஆசை. மழை விட்டால் சரி.