வெளியே என்று சொன்னேன்

“புகைக்குழல் ஜெபத்தைப் பூசை முடிஞ்சதும் வெளியே வச்சுக்கலாமே, உன்ச்சி” என்ற பொருளில்தான் சொன்னேன். “சரி ஃபாதர்” என்றார். அவ்வளவுதான் பேச்சு. அமெரிக்காவில் லகோட்டா பழங்குடியினர் வாழும் பைன் ரிட்ஜில் அந்த அடக்கப் பூசை முடிந்து மூன்று குளிர்காலம் போய்விட்டது. அந்தச் ‘சரி’ இன்னும் காதில் இருக்கிறது.

உன்ச்சி என்றால் லகோட்டா மொழியில் பாட்டி. பெட்டிக்குள் இருந்தது அவருடைய தம்பி. மேலே நட்சத்திரப் போர்வை. பக்கத்தில் சிவப்புத் துணி விரித்து, தம்பியின் புனிதப் புகைக்குழலை மணி கோத்த தோல்பையிலிருந்து எடுத்து வைத்திருந்தார். சிவப்புக் கல்லில் செய்த கிண்ணம் தனியே, மரத்தண்டு தனியே. ஜெபம் தொடங்கும்போதுதான் இரண்டையும் சேர்ப்பார்கள். நான் சொன்னதும் ஒவ்வொன்றாகப் பைக்குள் திருப்பி வைத்தார். விரல்கள் சரியாக மடங்கவில்லை. முடிச்சுப் போட நேரமானது.

ஏன் சொன்னேன்? நான் வந்து நாலே மாதம். எனக்குப் புரியாத ஒன்றைப் பீடத்தருகே புரிந்ததுபோல் நடத்த மனம் வரவில்லை. குழலையும் சிலுவையையும் கலக்காதீர்கள் என்று லகோட்டாக்காரர்களே இரண்டு பக்கமிருந்தும் சொல்வதுண்டு. நிக்கோலஸ் பிளாக் எல்க் விஷயத்திலேயே அந்த வாதம் ஓயவில்லை. லகோட்டா வைத்தியப் பெரியவராக இருந்து, 1904-ல் ஞானஸ்நானம் பெற்று, உபதேசியாராக ஊர் ஊராகப் போனவர். 2017-ல் ராப்பிட் சிட்டி மறைமாவட்டம் அவருடைய புனிதர் பட்டத்துக்கான முயற்சியைத் தொடங்கியது. பழையதை விட்டுவிட்டாரா, இரண்டையும் கடைசிவரை வைத்திருந்தாரா? தீர்ப்புச் சொல்ல நான் யார் என்று நினைத்தேன்.

ஆனால் ‘வெளியே’ என்பதும் தீர்ப்புதானே. சூரிய நடனத்தையும் வைத்தியப் பெரியவர்களின் சடங்குகளையும் அமெரிக்க அரசு 1883-ல் குற்றமாக்கியது. பழங்குடியினரின் சமய உரிமையைக் காக்கச் சட்டம் வந்தது 1978-ல்தான். உன்ச்சி சிறுமியாக, பழங்குடிப் பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியில் முடி வெட்டப்பட்டவர், தாய்மொழி பேசியதற்கு அடி வாங்கியவர். அங்கி போட்ட ஒருவர் இப்படிச் சொல்வதை அவர் முதல் தடவை கேட்கவில்லை. அதனால்தான் ‘சரி’ அவ்வளவு சுலபமாக வந்தது என்று இப்போது படுகிறது.

நான் திண்டுக்கல் பக்கம் வளர்ந்தவன். எங்கள் கோவிலில் பூசையிலேயே குத்துவிளக்கு ஏற்றுவோம், ஆரத்தி எடுப்போம். இந்தியாவில் அதற்கெல்லாம் ரோம் அனுமதி தந்தது 1969-ல். பீடத்தின் முன் ஆரத்தித் தட்டோடு நின்ற என் அக்காவை யாரும் வெளியே போகச் சொன்னதில்லை. இது அன்றைக்கு என் நினைவுக்கே வரவில்லை.

வெளியே பனிக்காற்று. பெரியவர் ஒருவர் தீக்குச்சியை உரசினார், அணைந்தது. மறுபடி உரசினார், அதுவும் அணைந்தது. அப்புறம் பேரன்கள் சுற்றி நின்று கோட்டை விரித்து மறைத்தார்கள். நான் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருஷம் வேறொரு வீட்டில் சாவு. குழல் உள்ளேயே இருக்கட்டும் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். மூத்த மகன் மறுத்துவிட்டார். “வேண்டாம் ஃபாதர். அம்மாவுக்கு ஜெபமாலைதான் எல்லாம்.” முதல் தடவை செய்தது தப்பில்லை போலிருக்கிறது என்று அன்று நிம்மதியாக இருந்தது. ராத்திரி அந்த நிம்மதி நிற்கவில்லை. அந்த வீட்டுக்கு அந்த மகன் முடிவு சொன்னார். உன்ச்சியை நான் ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

போன மாதம் கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றிக் கொடுத்தார். பேத்திக்குத் தைத்துக்கொண்டிருந்த நட்சத்திரப் போர்வையை விரித்து, ஒரு முனையை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்காமலே திரும்பி வந்தேன்.