சர்வர் டிசைன் பயிற்சி: இரண்டாவது தடவையில் தேறிய கதை

தேறிவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இரண்டாவது தடவையில்தான். முதல் தடவை, இரண்டு இரவு கண்விழித்து வரைந்த டிசைனைப் பயிற்சியாளர் இரண்டே நிமிடம் பார்த்தார். தாளை அப்படியே திருப்பி என் பக்கம் தள்ளினார். "படம் நல்லா இருக்கு. கஸ்டமர் என்ன கேட்டார்னு இதுல எங்க இருக்கு?" என்றார். பதினோரு வருடமாக சர்வர் அட்மின் வேலை பார்க்கிறவன் நான். பதில் வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் சிரித்தது இன்னும் காதில் கேட்கிறது.

நிறுவனத்தின் அப்ளிகேஷன்களுக்கு சர்வர் கட்டமைப்பை வடிவமைக்கக் கற்றுத்தரும் ஐந்து நாள் வகுப்பு அது. வெப் அடுக்கு, அப்ளிகேஷன் அடுக்கு, டேட்டாபேஸ், க்ளஸ்டர், பேக்கப் எல்லாம் உண்டு. கடைசி நாள் ஒரு கற்பனை வாடிக்கையாளருக்கு டிசைன் எழுதிக் கொடுக்க வேண்டும். பயிற்சியாளரே வாடிக்கையாளராக உட்கார்ந்து கேள்வி கேட்பார். அலுவலகத்தில் அனுமதி வாங்கியது, பெயர் பதிவு செய்தது எல்லாம் தடையில்லாமல் முடிந்தது. தொல்லை ஆரம்பித்தது முதல் நாள் காலையில், கையேடு கைக்கு வந்தபோது.

அட்டையைத் திருப்பினால் விண்டோஸ் சர்வர் 2008. மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஆம் தேதியே வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்ட பதிப்பு. முன்னுரையில் இந்த வகுப்பு மைக்ரோசாஃப்டின் எம்சிஐடிபி சான்றிதழ் தேர்வுக்கு உதவும் என்று வேறு போட்டிருந்தது. அந்தச் சான்றிதழ் வரிசை எப்போதோ மூடப்பட்டது. அதற்குப் பின்னால் வந்த எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ கூட 2021 ஜனவரி 31-ஆம் தேதியோடு போய்விட்டன. வரவேற்பில் இருந்தவரிடம் போய்க் கேட்டேன். "எல்லாம் ஒண்ணுதான் சார், வெர்ஷன் மட்டும்தான் மாறியிருக்கு" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒன்றுதானா என்பது நான்காம் நாள் தெரிந்தது. கையேட்டை நம்பி, ஒரு ஃபெயிலோவர் க்ளஸ்டரில் (ஒரு சர்வர் விழுந்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ளும் சர்வர் கூட்டம்) அதிகபட்சம் 16 நோடு, அதாவது 16 சர்வர் என்று டிசைனில் எழுதிவிட்டேன். 2008-க்கு அது சரி. 2012 பதிப்பிலிருந்தே 64. லேபில் இருந்ததோ 2019. பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன் கையேட்டின் பதிப்பு எது, லேபில் ஓடுவது எது என்று இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தது என் தப்பு.

லேபைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் தனியாக ஒரு பதிவு போடலாம். ஆளுக்கு ஐந்து விர்ச்சுவல் மெஷின். ஒரு டொமைன் கன்ட்ரோலர் (டொமைன் என்ற நெட்வொர்க்கின் கணக்குகளையும் பாஸ்வேர்டுகளையும் வைத்திருக்கும் சர்வர்), இரண்டு வெப் சர்வர், இரண்டு எஸ்க்யூஎல் (டேட்டாபேஸ்) சர்வர். வெப் சர்வரில் லாகின் செய்யப் போனால், டொமைனோடு இருந்த நம்பிக்கை உறவு அறுந்துவிட்டது என்ற அந்தப் பழைய செய்தி. நான்கிலும் அதேதான். முந்தைய வகுப்பு முடிந்ததும் மெம்பர் சர்வர்களை (மற்ற நான்கை) மட்டும் பழைய ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது முன்பு சேமித்து வைத்த நிலைக்குத் திருப்பிவிட்டு, டொமைன் கன்ட்ரோலரை அப்படியே விட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் டொமைனில் ஒரு கணக்கு உண்டு. அதன் பாஸ்வேர்டு வழக்கமாக 30 நாளுக்கு ஒரு தடவை தானாக மாறும். மெம்பர் சர்வர் பழைய காலத்துக்குப் போய்விட்டது, டொமைன் புதிய பாஸ்வேர்டோடு நிற்கிறது. அப்புறம் எப்படி ஒட்டும்?

லேப் உதவியாளர் வந்து பார்த்துவிட்டு ரீபூட் செய்யச் சொன்னார். செய்தேன். மறுபடி ரீபூட். லோக்கல் அட்மின் பாஸ்வேர்டு என்ன என்று கேட்டேன். "அது போன பேட்ச் எடுத்தவருக்குத்தான் தெரியும்" என்றார். அவர் வேலையை விட்டே போய்விட்டாராம். மதியம் வரை இதே கதை.

கடைசியில் ஒரு பழைய உபாயம் நினைவுக்கு வந்தது. விர்ச்சுவல் மெஷினின் நெட்வொர்க்கைத் துண்டித்துவிட்டு டொமைன் அட்மின் கணக்கிலேயே லாகின் செய்தேன். முன்பு யாரோ அதே கணக்கில் நுழைந்திருந்ததால், சர்வர் தன்னிடம் சேமித்து வைத்திருந்த விவரத்தை வைத்து உள்ளே விட்டது. பிறகு நெட்வொர்க்கை இணைத்து, பவர்ஷெல்லில் டெஸ்ட்-கம்ப்யூட்டர்-செக்யூர்-சேனல் கட்டளையை ரிப்பேர் ஸ்விட்சோடு ஓட்டினேன். "ட்ரூ" என்று வந்தது. வகுப்பில் இன்னும் ஆறு பேருக்கு அதைச் செய்து கொடுத்தேன். அன்று மதியம் எனக்குக் கொஞ்சம் மரியாதை கூடியது என்று சொன்னால் மிகையில்லை. (டொமைன் கன்ட்ரோலரையும் சேர்த்துத் திருப்பியிருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: லேபில் செய்யலாம். ஒன்றுக்கு மேற்பட்ட கன்ட்ரோலர் இருக்கும் நிஜ டொமைனில், 2012-க்கு முந்தைய பதிப்புகளில், ஸ்னாப்ஷாட்டைத் திருப்புவது விபரீதம்.)

இரண்டாம் நாள் ஐஐஎஸ் (விண்டோஸின் வெப் சர்வர்) நிறுவுவது, என்எல்பி (வரும் பயனர்களைப் பல சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) அமைப்பது எல்லாம் அரை மணி நேர வேலை. மூன்றாம் நாள் முழுக்க ஒரே ஒரு பிழையில் போனது. வெப் பக்கம் திறக்கிறது, பயனர் பெயரைச் சரியாகக் காட்டுகிறது, டேட்டா மட்டும் வரவில்லை. எஸ்க்யூஎல் பக்கம் லாகைப் பார்த்தால் "அனானிமஸ் லாகான்" என்ற பெயரில் லாகின் தோல்வி. பயனர் தன் பெயரில் வெப் சர்வர் வரை வருகிறார், அங்கிருந்து டேட்டாபேஸுக்குப் போகும்போது பெயரில்லாதவராகிவிடுகிறார். இரட்டைத் தாவல் என்று வகுப்பில் பெயர் சொன்னார்கள். பெயர் தெரிந்துவிட்டால் பிழை போய்விடுமா என்ன?

பயனரை டிக்கெட் கொடுத்து அடையாளம் காட்டும் கெர்பரோஸ் முறை வேலை செய்யவில்லை, சத்தமில்லாமல் பழைய என்டிஎல்எம் முறைக்கு இறங்கிவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கவே இரண்டு மணி நேரம். டொமைன் கன்ட்ரோலரின் சிஸ்டம் லாகில் ஈவென்ட் 11 உட்கார்ந்திருந்தது. ஒரே எஸ்பிஎன் (ஒரு சேவை எந்தக் கணக்கில் ஓடுகிறது என்று டொமைனுக்குச் சொல்லும் பெயர்) இரண்டு கணக்குகளில் பதிவாகியிருக்கிறது என்று அர்த்தம். செட்எஸ்பிஎன் கட்டளையை எக்ஸ் ஸ்விட்சோடு ஓட்டினால் டூப்ளிகேட்டுகளைக் காட்டிவிடும். காட்டியது. எங்கள் தளத்தின் பெயரை முந்தைய பேட்ச்சில் யாரோ வேறொரு சர்வீஸ் கணக்கில் பதிந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நீக்கினேன்.

நீக்கியதும் நிலைமை இன்னும் மோசம். இப்போது பக்கமே திறக்கவில்லை. 401, அனுமதி இல்லை என்ற பிழை. பாஸ்வேர்டு கேட்டு மூன்று தடவை பெட்டி வந்து, கைவிரித்துவிட்டது. ஐஐஎஸ் 7-லிருந்து விண்டோஸ் ஆதென்டிகேஷன் (பயனர் யார் என்று சரிபார்ப்பது) வழக்கமாகக் கெர்னல் மோடில், அதாவது விண்டோஸின் உள்மையத்தில் நடக்கிறது. அப்போது டிக்கெட்டைப் பிரிக்க ஆப் பூலின் (தளம் ஓடும் ப்ராசஸின்) கணக்கைப் பயன்படுத்தாமல் கம்ப்யூட்டர் கணக்கைப் பயன்படுத்தும். என் எஸ்பிஎன் இருப்பதோ ஆப் பூலின் டொமைன் கணக்கில். ஒருவர் பூட்டிய பூட்டை இன்னொருவர் சாவியால் திறக்கப் பார்த்தால்? ஐஐஎஸ் கான்ஃபிகரேஷனில் யூஸ்-ஆப்-பூல்-கிரெடென்ஷியல்ஸ் என்பதை ட்ரூ ஆக்கி, அந்தக் கணக்குக்கு எஸ்க்யூஎல் வரைக்கும் மட்டும் டெலிகேஷன் (பயனர் பெயரில் அடுத்த சர்வருக்குப் போகும் உரிமை) கொடுத்த பிறகு, மாலை ஐந்தரைக்கு டேட்டா வந்தது. ஒரே ஒரு வரிசை, "டெஸ்ட் ஆர்டர் 1". அதைப் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

புதிதாக எஸ்பிஎன் சேர்ப்பவர்கள் ஏ ஸ்விட்சை மறந்துவிட்டு எஸ் ஸ்விட்சையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அது சேர்க்கும்.

சரி, டிசைனுக்கு வருகிறேன். கற்பனை வாடிக்கையாளருக்கு ஆர்டர் பதியும் அப்ளிகேஷன். வருடத்தில் 99.9 சதவீத நேரம் ஓட வேண்டும், நின்றால் நான்கு மணி நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது மட்டும் தாளில் இருந்தது. மீதியை நாம் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. நேராகப் பெட்டிகள் வரைய உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு போட்டால் முடிந்தது என்று நினைப்பு. அந்த முதல் கேள்வியோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பயிற்சியாளர் தாளை மறுபடி தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு பெட்டியாகக் கேட்டார்.

"மூணு அடுக்குக்கும் தனித்தனியா 99.9 போட்டிருக்கீங்க. மொத்தம் எவ்வளவு?" ஒன்றை ஒன்று நம்பி நிற்கும் அடுக்குகள் என்றால் பெருக்க வேண்டும். பெருக்கினால் 99.7. வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் நிற்கலாம் என்று கேட்டவருக்கு 26 மணி நேரம் நிற்கும் டிசைனைக் கொடுத்திருக்கிறேன்.

"ஒரு வெப் சர்வர்ல ஆப் பூல் நின்னுபோச்சு. என்எல்பி என்ன செய்யும்?" ஒன்றும் செய்யாது. நோடுகள் நொடிக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளும், ஐந்து தடவை சத்தம் இல்லையென்றால் அந்த நோடை ஒதுக்கும். சர்வர் உயிரோடு இருந்து அப்ளிகேஷன் மட்டும் செத்திருந்தால் அதற்குத் தெரியாது. பயனர்களில் பாதிப் பேருக்கு 503 (சேவை இல்லை) பிழை போய்க்கொண்டே இருக்கும். பக்கத்தையே திறந்து பார்த்துச் சோதிக்கும் லோட் பேலன்சர் வேண்டும், இல்லையென்றால் கண்காணிக்க ஸ்கிரிப்டாவது வேண்டும்.

"செஷன் எங்க இருக்கு?" பயனர் பாதியில் செய்துகொண்டிருக்கும் வேலையின் விவரம்தான் செஷன். இருந்தது மெமரியில். ஆப் பூல் வழக்கமாக 1740 நிமிடத்துக்கு, அதாவது 29 மணி நேரத்துக்கு ஒரு தடவை ரீசைக்கிள் ஆகும், மெமரியில் இருப்பது போய்விடும். 24-க்கு அடுத்த பகா எண் 29; தினமும் ஒரே நேரத்தில் வராது. அதனால் இன்று நள்ளிரவில் நடந்தது நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு, பாதி ஆர்டர் போட்டுக்கொண்டிருப்பவர் தலையில் விழும்.

"க்ளஸ்டருக்கு விட்னஸ் எங்க?" நோடு விழும்போது க்ளஸ்டர் தொடரலாமா என்று முடிவு செய்யக் கூடுதல் ஓட்டுப் போடும் ஃபைல் ஷேர் விட்னஸை எங்கே வைத்திருந்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. அதே க்ளஸ்டரின் முதல் நோடில். அந்த நோடு விழுந்தால் இரண்டு ஓட்டும் சேர்ந்து விழும். பக்கத்து மேசைக்காரர் சிரித்தது இதற்குத்தான்.

கடைசியாகக் கேட்டதுதான் நிஜமாகவே வலித்தது. "டேட்டாபேஸ் 2 டெராபைட். ரீஸ்டோர் பண்ண எவ்வளவு நேரம்?" பேக்கப் தினமும் இரவு எடுக்கிறோம் என்றேன். "பேக்கப் கேக்கல, ரீஸ்டோர் கேட்டேன்." லேபில் ஸ்டோரேஜ் நொடிக்கு 100 மெகாபைட் எழுதியது. அந்தக் கணக்கில் ஐந்தரை மணி நேரம். வாடிக்கையாளர் கேட்டது நான்கு. அதோடு, இரண்டு நோடு க்ளஸ்டரில் டேட்டா இருப்பது ஒரே ஸ்டோரேஜில் ஒரே பிரதியாக. சர்வர் விழுந்தால் க்ளஸ்டர் காப்பாற்றும், ஸ்டோரேஜ் விழுந்தால் காப்பாற்ற எதுவும் இல்லை.

மறு பார்வைக்கு ஒரு வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். அதற்கும் அலைச்சல். முதல் தேதியில் போனால் பயிற்சியாளர் வேறு வகுப்பில் இருக்கிறார், யாரும் சொல்லவில்லை. இரண்டாவது தேதிக்குப் போகும் முன் போன் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

இந்தத் தடவை முதல் இரண்டு பக்கத்தில் படமே இல்லை. வாடிக்கையாளரிடம் கேட்ட பதினேழு கேள்விகள், அவர் சொன்ன பதில், பதில் கிடைக்காத இடத்தில் நான் வைத்துக்கொண்ட அனுமானம். எவ்வளவு டேட்டா போனால் தாங்கும் என்று கேட்டபோது "ஒரு ஆர்டர்கூடப் போகக்கூடாது" என்றார். அதனால் எஸ்க்யூஎல் அடுக்கு முழுக்க மாறியது. பகிர்ந்த ஸ்டோரேஜ் க்ளஸ்டரை விட்டுவிட்டு, ஒவ்வொரு நோடுக்கும் சொந்தப் பிரதி இருக்கும் அவெய்லபிலிட்டி குரூப், சிங்க்ரனஸ் கமிட்டோடு, அதாவது இரண்டு பிரதியிலும் எழுதிய பிறகே முடிந்தது என்று சொல்லும் முறையில். ஒவ்வொரு முடிவுக்கும் பக்கத்தில் எதை ஏன் தள்ளினேன் என்று ஒரு வரி. நாற்பது நிமிடம் கேள்வி கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் மாட்டிக்கொண்டேன்: சர்வருக்கு அப்டேட் போட நிறுத்தும் நேரம் அந்த எட்டே முக்கால் மணிக்குள் சேருமா, வெளியிலா? அதைக் கேட்க மறந்திருந்தேன். பதினெட்டாவது கேள்வியாக எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் வந்தது. அதிலும் "சர்வர் 2008" என்று அச்சிட்டிருக்கிறார்கள். திருத்தித் தரச் சொல்லி மூன்று வாரம் ஆகிறது, "சிஸ்டத்துல பேர் அப்படித்தான் சார் இருக்கு" என்பதுதான் இன்றுவரை பதில்.

அலுவலகம் திரும்பிய முதல் நாள் செட்எஸ்பிஎன் எக்ஸ் ஓட்டிப் பார்த்தேன். ஆறு டூப்ளிகேட். அதில் ஒன்று, கணக்குப் பிரிவில் இரண்டு வருடமாக "இது இப்படித்தான், ரெண்டு தடவை பாஸ்வேர்டு கேக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ரிப்போர்ட் சர்வர்.