பிளாஸ்டிக் சர்ஜனும் காஸ்மெடிக் சர்ஜனும்: அறுவை அரங்கிலிருந்து பார்த்தால்

அறுவை அரங்கில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த இரண்டு பேரும் ஒருவரல்ல என்பது சீக்கிரமே தெரிந்துவிடும். சிகிச்சைக்கு வருகிறவர்களுக்குத்தான் யாரும் சொல்வதில்லை. பெயர்ப்பலகையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிகின்றன.

பிளாஸ்டிக் சர்ஜரி ஒரு தனி மருத்துவத் துறை. தீக்காயம், விபத்தில் நசுங்கிய கை, பிறவியிலேயே பிளந்த உதடு, புற்றுநோயால் எடுக்கப்பட்ட மார்பகத்தைத் திரும்ப உருவாக்குவது என்று அதன் பெரும்பகுதி சீரமைப்பு வேலைதான். முதல் உலகப் போரில் முகம் சிதைந்து வந்த வீரர்களுக்கு ஹரால்ட் கில்லீஸ் செய்த அறுவைகளில்தான் அது இன்றைய வடிவத்துக்கு வரத் தொடங்கியது. அழகுக்கான அறுவை அந்தத் துறையின் ஒரு கிளை. காஸ்மெடிக் சர்ஜன் என்ற பெயருக்கோ பல நாடுகளில் சட்டப் பாதுகாப்பு கிடையாது. மருத்துவராகப் பதிவு செய்த எவரும் போட்டுக்கொள்ளலாம். ஆஸ்திரேலியாவில் உரிய அறுவைப் பயிற்சி இல்லாத மருத்துவர்கள் 'சர்ஜன்' என்று சொல்லிக்கொள்வதை 2023இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தார்கள்.

அதற்காக பிளாஸ்டிக் சர்ஜன் அல்லாதவர்கள் எல்லாம் அரைகுறை என்று ஆகிவிடாது. கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைபோசக்‌ஷனைப் பாதுகாப்பாக்கிய டியூமசென்ட் முறையை (மரத்துப்போகும் மருந்து கலந்த திரவத்தைக் கொழுப்புக்குள் நிரப்பிவிட்டு உறிஞ்சுவது) 1987இல் வெளியிட்ட ஜெஃப்ரி கிளைன் ஒரு தோல் மருத்துவர். மூக்கு அறுவையில் கை தேர்ந்த காது மூக்கு தொண்டை நிபுணர்கள் இருக்கிறார்கள். தன் துறையின் எல்லைக்குள் நிற்கிறவரிடம் பயமில்லை. சில நாள் வகுப்புக்குப் போய்விட்டு வயிற்றைத் திறக்கிறவரிடம்தான் பயம்.

லைபோசக்‌ஷனையே எடுத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் சலைனில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் 1 மி.கி.யும், மரத்துப்போகச் செய்யும் லிடோகெய்ன் 500 முதல் 1,000 மி.கி. வரையும் கலந்து கொழுப்புக்குள் செலுத்துவார்கள். லிடோகெய்னுக்குக் கிளைன் வகுத்த எல்லை உடல் எடையில் கிலோவுக்கு 35 மி.கி. அறுபது கிலோ எடை உள்ளவருக்கு 2,100 மி.கி.; அடர்த்தியான கலவை என்றால் இரண்டு லிட்டரிலேயே எல்லை தொட்டுவிடும். ஆபத்து இதற்குப் பிறகுதான். ரத்தத்தில் லிடோகெய்ன் உச்சத்துக்கு ஏற ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அதற்குள் நோயாளி வீட்டுக்குப் போயிருப்பார். உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, காதில் இரைச்சல், பிறகு வலிப்பு என்று வளரும். இந்த நச்சுக்கு முறிவாக நரம்பில் ஏற்றும் கொழுப்புத் திரவமான இருபது சதவீத லிப்பிட் எமல்ஷன் கைவசம் இருக்கிறதா, அது எதற்கு என்று அங்கிருப்பவர்களுக்குத் தெரியுமா என்பதில் உயிர் இருக்கிறது. உறிஞ்சி எடுப்பது ஐந்து லிட்டரைத் தாண்டினால் அன்றிரவு நோயாளியைக் கண்காணிப்பில் வைக்க வேண்டும்.

வயிற்றுத் தோலைத் தூக்கித் தைக்கும் அறுவையில் சிக்கல் வேறு மாதிரி. தோலைப் பிரிக்கும்போது தசையிலிருந்து மேலே வரும் சிறு ரத்தக்குழாய்கள் அறுபடும். ரத்தம் வரும் வழியிலிருந்து மிகத் தள்ளியிருப்பது தையலின் நடுப்பகுதி. முதலில் கறுப்பதும் அதுதான். புகைபிடிக்கிறவர் அறுவைக்கு முன்னும் பின்னும் நான்கு வாரமாவது நிறுத்த வேண்டும் என்பது இதனால்தான். கறுத்த இடத்தை எப்போது வெட்டி எடுப்பது, எவ்வளவு நாள் விட்டுப் பார்ப்பது, எங்கிருந்து தோல் எடுத்து ஒட்டுவது என்பதெல்லாம் தீக்காயப் பிரிவில் ஆண்டுக்கணக்கில் நின்று கற்கிற விஷயம்.

முகத்தோல் இழுப்பில் முதல் இருபத்து நான்கு மணி நேரம் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் வலியும் வீக்கமும் ஏறினால் உள்ளே ரத்தம் கட்டுகிறது என்று பொருள். வலி மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. தையலைப் பிரித்து ரத்தத்தை வெளியேற்ற வேண்டும்.

ஆகவே முதல் சந்திப்பில் முன்னும் பின்னும் எடுத்த படங்களை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துவிட வேண்டாம். எந்தத் துறையில் இறுதித் தேர்வு முடித்தீர்கள் என்று கேளுங்கள். இதே அறுவையை ஒரு பெரிய மருத்துவமனையில் செய்ய உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியிலேயே நிறைய தெரிந்துவிடும். மயக்க மருந்து கொடுப்பவர் தனி நிபுணரா? நள்ளிரவில் வீங்கினால் யார் வருவார், எங்கே சேர்ப்பார்? கேட்டதற்கு எந்த நல்ல சர்ஜனும் கோபப்பட மாட்டார். சொன்ன பட்டத்தை மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் சரிபார்த்துவிட்டே முன்பணம் கட்டுங்கள்.