கறுப்புத் துணிப்பட்டை

2005 ஆகஸ்டில் அயோவா மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றில் உயர்நிலைப் பள்ளி வரலாற்று ஆசிரியராகச் சேர்ந்தேன். மதுரையில் பன்னிரண்டு வருடம் பாடம் நடத்தியிருந்ததால் வகுப்பறை எனக்குப் புதிதில்லை. ஆனால் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு அவர்கள் நாட்டு வரலாற்றையே நான் சொல்லித்தர வேண்டியிருந்தது. உள்நாட்டுப் போர், பொருளாதாரப் பெருமந்தம் எல்லாவற்றையும் படித்துச் சமாளித்துவிடலாம் என்று தோன்றியது. வியட்நாமை நினைத்தால்தான் பயம். என் வகுப்பில் பல பிள்ளைகளின் தாத்தாக்கள் அந்தப் போருக்குப் போய்வந்தவர்கள். ஒரு பையனின் தாத்தாவுடைய தம்பி போனவர் திரும்பவே இல்லை.

முதல் வருடம் ஜனாதிபதிகளை வரிசையாக வைத்துப் பாடம் நடத்தினேன். ஐசனோவர் ராணுவ ஆலோசகர்களை அனுப்பினார். கென்னடி காலத்தில் அந்த எண்ணிக்கை 16,000 ஆனது. ஜான்சன் காலத்தில் அங்கிருந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கை 5 லட்சத்தைத் தாண்டியது. நிக்சன் படைகளைக் குறைத்துக்கொண்டே குண்டுவீச்சைக் கம்போடியாவுக்கும் கொண்டுபோனார். கரும்பலகை நிறைய எழுதினேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு பெண் கை தூக்கினாள்.

"போரை அறிவிக்கிற அதிகாரம் காங்கிரஸுக்குத்தான் உண்டு என்று அரசியல் சாசனப் பாடத்தில் சொன்னீர்களே. வியட்நாம் போரை எந்தத் தேதியில் அறிவித்தார்கள்?"

"அறிவிக்கவே இல்லை" என்றேன்.

"அப்புறம் எப்படிப் போனார்கள்?"

அன்று என்னிடம் நல்ல பதில் இல்லை. அந்த வார இறுதி முழுக்க ஊர் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். 1964 ஆகஸ்ட் 2 அன்று டோங்கின் வளைகுடாவில் மேடாக்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை வட வியட்நாம் படகுகள் தாக்கின. இரண்டு நாள் கழித்து மறுபடி தாக்குதல் நடந்ததாகச் செய்தி வந்தது. அந்த இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை. ஆனால் ஆகஸ்ட் 7 அன்று காங்கிரஸ் தீர்மானம் நிறைவேற்றிவிட்டது: ஜனாதிபதி தேவையான நடவடிக்கை எல்லாம் எடுக்கலாம். பிரதிநிதிகள் சபையில் 416 பேர் ஆதரவு, எதிர்ப்பு பூஜ்யம். செனட்டில் 88 பேர் ஆதரவு, 2 பேர் எதிர்ப்பு. ஆரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங். இரண்டு பேருமே 1968இல் பதவியை இழந்தார்கள். அடுத்த வாரம் அந்த இரண்டு பெயர்களையும் கரும்பலகையில் பெரிதாக எழுதினேன். ஜனாதிபதிகளின் பெயர்கள் ஓரத்துக்குப் போயின.

ஜான்சனின் தொலைபேசிப் பதிவு ஒன்றையும் போட்டுக் காட்டினேன். 1964 மே மாதம் தன் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் பேசுகிறார். அந்த நாட்டுக்காகச் சண்டை போடுவது பிரயோஜனம் என்று தோன்றவில்லை, ஆனால் வெளியே வரவும் முடியாது என்று சொல்கிறார். டோங்கினுக்கு இரண்டு மாதம் முன்னால் பேசியது! பிள்ளைகள் அவரை வில்லனாக்கத் தயாரானார்கள். நான் விடவில்லை. அதே கோடையில்தான் அவர் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் குடிமை உரிமைகள் சட்டத்தில் கையெழுத்திட்டார். கறுப்பின மக்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று போன மாதம்தான் படித்திருந்தோம். 1949இல் சீனா கம்யூனிஸ்டுகளிடம் போனபோது பழி அவருடைய கட்சி மேல் விழுந்தது. வியட்நாமை இழந்த ஜனாதிபதி என்று பெயர் வாங்க அவருக்குப் பயம். தப்பு என்று தெரிந்தே, பயத்தால் ஒரு மனிதர் லட்சக்கணக்கான பேரை அனுப்பினார். கெட்ட எண்ணத்தால் செய்திருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலிக்காது.

பயம் என்றால் என்ன என்று 2007இல் எனக்கே தெரிந்தது. அந்த ஜனவரியில் ஜார்ஜ் புஷ் ஈராக்குக்கு மேலும் 20,000க்கு மேற்பட்ட வீரர்களை அனுப்புவதாக அறிவித்தார். சில வாரங்கள் கழித்து ஒரு காலையில் மூன்று மாணவர்கள் கையில் கறுப்புத் துணிப்பட்டை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தி, கேள்வி கேட்ட அதே பெண். வராந்தாவில் துணைத் தலைமை ஆசிரியர் அவர்களை நிறுத்தி, கழற்றிவிட்டு உள்ளே போகச் சொன்னார். நான் நாலடி தள்ளி நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த விடைத்தாள்களைப் பார்த்தேன்.

எச்-1பி விசாவில் இருந்தேன். பள்ளிதான் அந்த விசாவுக்குப் பொறுப்பு. வசந்த காலத்தில் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். மகன் இரண்டாம் வகுப்பு. இதெல்லாம் உண்மைதான். ஆனால் அந்த வாரம் நான் நடத்தவிருந்த பாடம் டிங்கர் வழக்கு. அந்த மூன்று பிள்ளைகளும் கட்டியிருந்தது அதே கறுப்புப் பட்டை.

அந்த வழக்கு எங்கள் மாநிலத்தில்தான் பிறந்தது. 1965 டிசம்பரில் டெமாயின் நகரில் சில மாணவர்கள் வியட்நாமில் இரு தரப்பிலும் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டவும், கிறிஸ்துமஸ் சமயத்தில் போர் நிறுத்தம் வேண்டியும் கையில் கறுப்புப் பட்டை கட்டினார்கள். மேரி பெத் டிங்கருக்கு அப்போது வயது 13. பள்ளி அவர்களை இடைநீக்கம் செய்தது. டிங்கர் வீட்டு மேல் சிவப்புச் சாயம் வீசினார்கள், மிரட்டல்கள் வந்தன. வழக்கு மூன்று வருடத்துக்கு இழுத்தது. 1969 பிப்ரவரி 24 அன்று உச்ச நீதிமன்றம் 7-2 என்று மாணவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பேச்சுரிமையை யாரும் பள்ளி வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வருவதில்லை என்றது.

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை. தீர்ப்பைத் திரும்பப் படித்தேன். அந்தச் சிறுமி பிற்காலத்தில் சொன்ன ஒரு விஷயம்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அலுவலகத்துக்கு அழைத்துக் கழற்றச் சொன்னதும் அவள் கழற்றிக் கொடுத்துவிட்டாளாம். அவ்வளவு பயம். கழற்றிய பிறகும் இடைநீக்கம் செய்தார்கள். நாட்டின் சட்டத்தையே மாற்றிய பிள்ளையும் அந்த நிமிடம் பயந்திருக்கிறாள். ஆனால் அவள் அதோடு நிற்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் தீர்ப்பை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனேன். பென்சிலால் கோடு போட்டிருந்தேன். துணைத் தலைமை ஆசிரியர் கெட்ட மனிதர் இல்லை. ஈராக்கில் பிள்ளைகள் இருக்கிற குடும்பங்கள் ஊரில் இருந்தன. அடிதடி வந்துவிடுமோ என்பது அவர் கவலை. சண்டை வரலாம் என்ற பொத்தாம்பொதுவான பயம் போதாது என்று தீர்ப்பு சொல்கிற வரியைக் காட்டினேன். பள்ளி வாரிய வழக்கறிஞருக்கு ஃபோன் செய்தார். மதியத்துக்குள் அனுமதி வந்தது. அந்தப் பெண்ணிடம் போய், அன்றைக்கே பேசியிருக்க வேண்டும் என்று சொன்னேன். "பரவாயில்லை" என்றாள். எனக்குப் பரவாயில்லை என்று இன்றுவரை தோன்றவில்லை.

அதற்குப் பிறகு இந்தப் பாடத்தை நீதிபதிகளை வைத்துத்தான் நடத்துகிறேன். டிங்கர் தீர்ப்பை எழுதியவர் ஏப் ஃபோர்ட்டஸ். ஜான்சனின் நெருங்கிய நண்பர், ஜான்சனே நியமித்தவர். நீதிபதி ஆன பிறகும் வெள்ளை மாளிகைக்குப் போய் வியட்நாம் பற்றி ஆலோசனை சொன்னார், போரை ஆதரித்தார். அந்தக் கைதான் போரை எதிர்த்த பிள்ளைகளுக்காக எழுதியது. மறுபக்கம் ஹியூகோ பிளாக். பேச்சுரிமைக்காக வாழ்நாள் முழுக்க வாதாடியவர், டிங்கரில் கோபமாக எதிர்த்து எழுதினார். அவர் சொன்னது தப்பு என்பதே என் கருத்து. ஆனால் 1971இல் பென்டகன் ஆவணங்கள், அதாவது வியட்நாம் போர் பற்றிப் பாதுகாப்புத் துறை தயாரித்த ரகசிய ஆய்வு, பத்திரிகைகளில் வெளியானபோது, நிக்சன் அரசு பத்திரிகைகளைத் தடுக்க நீதிமன்றம் போனது. ஏழாயிரம் பக்கம். அதில் பேசப்பட்டதெல்லாம் முந்தைய ஜனாதிபதிகளின் காலம், நிக்சனின் தவறு ஒன்றுகூட இல்லை. இருந்தும் தடுக்கப் பார்த்தார். ஜூன் 30 அன்று 6-3 என்று பத்திரிகைகள் ஜெயித்தன. பத்திரிகை ஆளப்படுகிறவர்களுக்குத்தான் ஊழியம் செய்ய வேண்டும், ஆளுகிறவர்களுக்கு அல்ல என்று அன்று எழுதியவர் அதே பிளாக்.

தோற்றவர்களையும் சொல்கிறேன். போரை எதிர்த்துத் தன் கட்டாய ராணுவப் பதிவு அட்டையை எரித்த டேவிட் ஓப்ரையனுக்கு 1968இல் இதே உச்ச நீதிமன்றம் உதவவில்லை. கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1970 மே 4 அன்று தேசியக் காவல் படை 13 விநாடி சுட்டதில் நாலு மாணவர்கள் இறந்தார்கள். அவர்களில் இரண்டு பேர் அங்கு நடந்த போர் எதிர்ப்புப் போராட்டத்திலேயே இல்லை. அந்தப் பக்கம் வந்தால் நான் வாய்விட்டுப் படிப்பதில்லை. பிள்ளைகள் தாங்களே படித்துக்கொள்வார்கள்.

2007 மே மாதம், தம்பியை இழந்த அந்தத் தாத்தாவை வகுப்புக்கு அழைத்திருந்தேன். அவரும் போருக்குப் போனவர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசினார். திரும்பி வந்த புதிதில் கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே எரிச்சல் வரும், எங்களைக் கேவலப்படுத்துகிறார்கள் என்று நினைத்தேன் என்றார். கடைசி வரிசைப் பெண் எழுந்து, டெமாயின் பிள்ளைகள் இறந்தவர்களுக்குத் துக்கம் காட்டத்தான் கட்டினார்கள் என்றாள்.

"எங்கள் ஆட்களுக்குமா?"

"இரண்டு பக்கத்துக்கும்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, அது எங்கே எழுதியிருக்கிறது, படிக்கக் கிடைக்குமா என்று கேட்டார். மேசை டிராயரில் இருந்த அந்த அச்சுப் பிரதியை எடுத்துக் கொடுத்தேன். பென்சில் கோடுகளை அழித்துத் தரட்டுமா என்றதற்கு, இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.