‘மூலந்தான் சிஸ்டர்’

குமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கம் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் இப்போது நர்ஸாக இருக்கிறேன். ஊருக்குத் திரும்புவதற்கு முன் பதினோரு வருடம் இங்கிலாந்து. அதில் கடைசி ஆறு வருடம் குடல் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டத்தில் வேலை. நாடு முழுவதும் குறிப்பிட்ட வயதைத் தொட்டவர்களின் வீட்டுக்குத் தபாலில் ஒரு டப்பா வரும். மலத்தில் கொஞ்சம் எடுத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் கொலனோஸ்கோபி, அதாவது ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. குடலுக்குள் ஒரு சின்ன மொட்டு புற்றாக மாறப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும். அதற்குள் கண்டால் கேமராக் குழாய் வழியாகவே வெட்டி எடுத்துவிடலாம். 2006இல் தொடங்கிய திட்டம் இது.

நான் சேர்ந்தபோது அனுப்பியது டப்பா இல்லை, காகித அட்டை. மூன்று தடவை மலம் கழிக்கும்போது, ஒவ்வொரு தடவையும் இரண்டு இடத்தில் எடுத்துத் தடவ வேண்டும். ஆக ஆறு தடவல். அதுவரை அந்த அட்டையைக் குளியலறையில் ஒளித்து வைக்க வேண்டும். பலர் அங்கேயே கைவிட்டுவிடுவார்கள். 2019 ஜூனில் முறை மாறியது. விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்டிக் குப்பி, மூடியோடு சேர்ந்த குச்சி, குச்சி நுனியில் சின்னச் சின்னப் பள்ளங்கள். மலத்தின் மேல் உரசி, பள்ளம் நிறைந்ததும் திரும்பக் குப்பிக்குள் செருகினால் ஒரு ‘டிக்’ சத்தம். அவ்வளவுதான், ஒரே தடவை. மனித ரத்தத்தின் புரதத்தை மட்டும் அது பிடிக்கும் என்பதால் முந்தின நாள் மாட்டிறைச்சி சாப்பிட்டோமே என்ற கவலையும் இல்லை. (நம் ஊர் இந்தியன் கக்கூஸில் இது இன்னும் எளிது. தண்ணீர் ஊற்றுவதற்கு முன் எடுத்துவிட வேண்டும், அதை மட்டும் சொல்லிக் கொடுத்தால் போதும்.)

மாற்றுவதற்கு முன் சோதித்துப் பார்த்தபோது அட்டையை நூற்றுக்கு 59 பேர் திருப்பி அனுப்பினார்கள், குப்பியை 66 பேர். முன்பு அழைத்தும் அனுப்பாதவர்களிடையே, அட்டையை அனுப்பியவர்களைவிடக் குப்பியை அனுப்பியவர்கள் ஏறத்தாழ இரு மடங்கு. அதே நோய், அதே மக்கள். கருவி மனிதனுக்குத் தோதாக மாறியது, அவ்வளவே. ஆனாலும் திட்டத்தின் தொடக்க வருடங்களில் வசதியான பகுதிகளில் நூற்றுக்கு 61 பேர் கலந்துகொண்டபோது, மிக ஏழ்மையான பகுதிகளில் 35 பேர்தான். அந்த இடைவெளி என் மனசை விட்டுப் போகவே இல்லை.

ஒருமுறை தமிழர்களுக்காக ஒரு கோயில் மண்டபத்தில் விளக்கக் கூட்டம் வைத்தோம். நான் தமிழ் பேசுவேன் என்று என்னை அனுப்பினார்கள். யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் குப்பியைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “உதை எப்பிடிப் பிள்ளை தபாலிலை போடுறது? தபால்காரன் பாவமெல்லோ?” இரண்டு முறை வந்த டப்பாவை அந்த ஒரு காரணத்துக்காக அவர் குப்பையில் போட்டிருக்கிறார். கசியாத உறை, மேலே இன்னொரு உறை என்று காட்டினேன். அதன் பிறகே கைப்பையைத் திறந்து முகவரியை எழுதித் தந்தார். எத்தனையோ துண்டறிக்கை அச்சடித்தோம், தபால்காரரைப் பற்றி ஒன்றிலும் எழுதவில்லை.

ஊருக்கு வந்த பிறகு வேறு ஒரு சுவர்.

போன வருடம் ஈஸ்டர் கழிந்து, குலசேகரம் மலையோரத்திலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர் ஒருவர் வந்தார். வயது 52. “மூலந்தான் சிஸ்டர். சூட்டுல வருது. மருந்து தந்தா போயிருவேன்.”

“எப்பம் இருந்து ரத்தம் போவுது அண்ணே?”

“ஓணத்துக்கு முன்னயே உண்டு.”

மனசுக்குள் எண்ணினேன். எட்டு மாதம். பையிலிருந்து பிளாஸ்டிக் கவரை எடுத்து மேசையில் கொட்டினார். மூன்று ஆயின்மென்ட் ட்யூப், பற்பசை போல அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டித் தட்டையாகிப் போனவை. மூன்று இடத்தில் காட்டியிருக்கிறார். ஒரு இடத்தில் ஊசியும் போட்டிருக்கிறார்கள். யாராவது படுக்க வைத்துப் பார்த்தார்களா என்றேன். “அங்கயெல்லாம் என்னத்த பாக்கதுக்கு?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“போயிட்டு வந்தா முழுசாப் போன மாதிரி இருக்கா?”

“இல்ல சிஸ்டர். இன்னும் இருக்குன்னே தோணும். காலையில நாலு வாட்டி, அஞ்சு வாட்டி.”

கண் இமையை இழுத்துப் பார்த்தேன், வெளுத்துக் கிடந்தது. ஹீமோகுளோபின் 7.4, ரத்தம் ரொம்பக் குறைவு. டாக்டர் உறை மாட்டி விரலால் பரிசோதித்தார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. விரல் எட்டும் தூரத்தில்தான் இருந்தது கட்டி. அதன் பிறகு திருவனந்தபுரம், கதிர்வீச்சு, ஆபரேஷன். எட்டு மாதத்தில் எந்த நாளிலும் அந்த ஒரு நிமிடம் அவருக்குக் கிடைத்திருக்கலாம். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

நீ அங்கே பார்த்த டப்பாவை இங்கே கொண்டுவரக் கூடாதா என்று சிலர் கேட்கிறார்கள். நம் தேசியத் திட்டத்தில் முப்பது வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்க்குத்தான் பரிசோதனை. 2023இல் தமிழக அரசு முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் நம் குமரியும் ஒன்று, அதிலும் அதே மூன்றுதான். குடல் இல்லை. இப்போதைக்கு அது சரி என்றே நினைக்கிறேன். மேலை நாடுகளை ஒப்பிட்டால் நம்மிடம் இந்த நோய் குறைவு. இங்கிலாந்தில் டப்பா அனுப்பியவர்களில் நூற்றுக்குச் சுமார் இரண்டு பேருக்கு மேல்பரிசோதனை வேண்டியிருந்தது. அந்தக் கணக்கில் ஐம்பதாயிரம் டப்பா என்றால் ஆயிரம் கொலனோஸ்கோபி. அதைச் செய்ய ஆளும் தேதியும் இல்லாமல் ‘உங்கள் மலத்தில் ரத்தம் இருக்கிறது’ என்று ஒருவருக்குச் சீட்டு கொடுப்பது கொடுமை.

தவிர, அந்த டப்பா அறிகுறி இல்லாதவர்களுக்கானது. கண்ணால் பார்க்கும்படி ரத்தம் போகிறவருக்கு டப்பா எதற்கு? அவரைப் படுக்க வைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் ஆஸ்பத்திரியில் இப்போது நாற்பது தாண்டியவர் யார் ‘மூலம்’ என்று வந்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன்: எத்தனை மாதமாக, மலம் போகும் பழக்கம் மாறியிருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா. பதில் எதுவானாலும் டாக்டரின் விரல் பரிசோதனை இல்லாமல் மருந்துச் சீட்டு கிடையாது. பலருக்கு வெறும் மூலம்தான். நிம்மதியாகப் போகிறார்கள்.

மூன்றாவது கேள்விக்காக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கூடப்பிறந்தவருக்கோ பெற்றவருக்கோ வந்திருந்தால், நாற்பது வயதிலேயே, அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பே, கொலனோஸ்கோபி செய்துகொள்வது நல்லது. வெட்டுக்காரரின் தம்பிக்கு 47. அவரும் வெட்டுதான். முதல் தடவை போன் செய்தபோது மனைவி எடுத்தார், “அவியளுக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர்” என்று வைத்துவிட்டார். இரண்டாவது தடவை அவரே எடுத்தார், பார்ப்போம் என்றார். நினைவூட்டல் கடிதம் போவதற்கு என்று அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. இங்கே என் நோட்டும் என் போனும்.

மூன்றாவது தடவை அவரே கேட்டார்: “அன்னைக்கு வெட்டுக்குப் போவலாமா?”

“முடியாது அண்ணே. முந்தின நாள் சாயங்காலமே பேதி மருந்து குடிக்கணும். தோட்டத்துல நிக்க முடியாது. ரெண்டு நாள் விட்ருங்க.”

கொஞ்ச நேரம் பேச்சில்லை. ரெண்டு நாள் வெட்டு என்றால் ரெண்டு நாள் கூலி.

“அப்போ மழை நாள் பாத்து வாறேன் சிஸ்டர். மழை பெஞ்சா எப்பிடியும் வெட்டு கிடையாது.”

நோட்டில் அவர் பெயருக்கு நேரே தேதி எழுதும் கட்டத்தில் மழைக்காலத்தின் தொடக்கமான ‘எடவப்பாதி’ என்று எழுதிக்கொண்டேன்.