ஜூலையில் பொன்னாடை, ஜூனில் நீக்கம்

ரோட்டரி சங்கங்களில் ஜூன் மாதம் ஒரு கூத்து நடக்கும். ஜூலை 1, ஜனவரி 1 ஆகிய தேதிகளில் பட்டியலில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேருக்கும் தலைமையகத்துக்குச் சங்கம் பணம் கட்டியாக வேண்டும். அதனால் சந்தா பாக்கி வைத்தவர்களின் பெயரை ஜூன் முடிவதற்குள் அடித்துவிடுவார்கள். எங்கள் ஊர்ச் சங்கத்தில் நான் செயலாளராக இருந்தபோது அந்தப் பாவம் என் தலையில் விழுந்தது. அடித்ததில் பாதிப் பேர், போன ஜூலை பதவியேற்பு விழாவில் சட்டையில் சங்கச் சின்னத்தைக் குத்திப் பொன்னாடை போர்த்திச் சேர்த்தவர்கள். மைத்துனர், கடைப் பங்குதாரர், ஆடிட்டரின் மகன் என்று கணக்குக் காட்டப் பிடித்து வந்த ஆட்கள்.

ஒவ்வொருவருக்கும் போன் போட்டேன். முதலில் எல்லோரும் "நேரமில்லை சார்" என்றார்கள். கொஞ்சம் பேச்சுக் கொடுத்ததும் ஹார்டுவேர் கடைக்காரர் உடைத்துச் சொன்னார்: "வந்தேன், கை தட்டினேன், சாப்பிட்டேன். ஒரு வேலை சொன்னீங்களா?"

வேலைக்கா பஞ்சம்? வருடா வருடம் கண்புரை முகாம் நடத்துகிறோம். மதுரையிலிருந்து டாக்டர்கள் வந்து பார்ப்பார்கள். மற்றதெல்லாம் எங்கள் பொறுப்பு. கிராமம் கிராமமாக ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்ல வேண்டும், பள்ளிக்கூடத்தில் பெஞ்ச் போட வேண்டும், அறுவை சிகிச்சைக்குத் தேர்வான பாட்டிகளை பஸ்ஸில் ஏற்ற வேண்டும். பயந்துபோய்க் கடைசி நேரத்தில் இறங்கி ஓடும் தாத்தாவைச் சமாதானப்படுத்துவது தனிக் கலை. இதையெல்லாம் வழக்கமாக நாலு பேர் செய்வோம், மற்றவர்கள் ஃபோட்டோவுக்கு வருவார்கள்.

அடுத்த முகாமுக்கு உறுப்பினர் அல்லாதவர்களையும் கூப்பிட்டோம். "சங்கத்தில் சேருங்கள்" என்று யாரிடமும் கேட்கவில்லை. மெடிக்கல் ஷாப் நடத்தும் அம்மா ஒருவர் சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காரர்களின் பட்டியலைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். முகாம் முடிந்த பிறகு அவரே கேட்டார்: "நான் சேர்ந்தா மெம்பரா, ஆன்ஸா?" உறுப்பினர்களின் மனைவிமாரை 'ஆன்ஸ்' என்றுதான் இங்கே கூப்பிடுவோம். பெண்களைச் சேர்க்கலாம் என்று ரோட்டரி விதியை மாற்றியது 1989-ல். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேர ரொம்ப வருஷம் ஆனது!

அப்புறம் சாப்பாடு. வாராவாரம் ஹோட்டல் டின்னர், அந்த பில்லும் சந்தாவில்தான் ஏறும். மாதம் இரண்டு கூட்டம் போதும், சேவைப் பணியையும் கூட்டமாகக் கணக்கில் வைக்கலாம் என்று 2016-லேயே விதி தளர்ந்துவிட்டது. நாங்கள் ஒன்றைக் காலை டீயும் வடையுமாக மாற்றினோம், மற்றது களப்பணி. "சாப்பாடு இல்லாம எவன் வருவான்?" என்று மூத்தவர்கள் கொதித்தார்கள். சிலர் வேறு சங்கத்துக்கே போய்விட்டார்கள். போகட்டும். 1905-ல் சிகாகோவில் ரோட்டரியைத் தொடங்கிய பால் ஹாரிஸும் மூன்று நண்பர்களும் முதன்முதலாகக் கூடியது ஒருவருடைய அலுவலக அறையில்தானே!

முகாம் வழியாக வந்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த ஜூனிலும் பட்டியலில் இருந்தார்கள். பேனர் அடித்துத் தரும் ஃப்ளெக்ஸ் கடைப் பையன் மட்டும் சேரவில்லை. எல்லா முகாமுக்கும் முதல் ஆளாக வருகிறான், ஆனால் சந்தா அவனுக்குக் கட்டுப்படியாகாது. ரோட்டரியின் இளைஞர் அமைப்பான ரோட்டராக்ட்டில் செலவு குறைவு, 30 வயது வரம்பையும் 2020-ல் எடுத்துவிட்டார்கள். எங்கள் ஊரில் அது கல்லூரிக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறது. கடைத்தெருப் பையன்களுக்கென்று ஒன்று தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.