கருவிகளுக்கு இரண்டே கேள்வி

மென்பொருள் சோதனைக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. என்ற சர்வதேச வாரியத்தின் அடிப்படைநிலைத் தேர்வில் மொத்தம் 40 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாக உண்டு. பதிவு செய்யும்போதே அதைக் கவனித்துக்கொள்ளுங்கள். 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்க மாட்டார்கள். இப்போதைய 4.0 பாடத்திட்டத்தில், அந்த நாற்பதில் கருவிகள் பாடத்துக்கு இரண்டே கேள்விகள்தான். அவையும் எந்த வகைக் கருவி எதற்கு உதவும், தானியங்கிச் சோதனையால் என்ன லாபம், என்ன ஆபத்து என்ற அளவில் நிற்கும். செலினியம், ஜேமீட்டர் என்று ஒரு கருவியின் பெயரும் வராது.

இது தெரியாமல் திருப்பூரிலிருந்து கோவை காந்திபுரத்தில் இருந்த பயிற்சி மையத்துக்குத் தினமும் பஸ் ஏறி, மூன்று மாதம் கருவிகளையே படித்தேன். முதல் மாதிரித் தேர்வில் 19. அதிகக் கேள்விகள், பதினொன்று, சோதனை உத்திகள் பாடத்தில் இருக்கின்றன. படிவத்தில் வயது 18 முதல் 60 வரை என்று ஒரு கட்டம் இருந்தால் 17, 18, 60, 61 ஆகியவற்றைப் போட்டுப் பார்க்கும் எல்லைமதிப்புக் கணக்கு அங்கேதான் வருகிறது. நான் அதை இரண்டு பக்கத்தில் தாண்டிப் போயிருந்தேன்.

அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங். டியூப்லைட்டுக்குக் கீழே மேசையில் பீஸை விரித்து, கழுத்து, தோள், பக்கத் தையல், அடிமடிப்பு என்று ஒரே வரிசையில் பார்ப்பார். பிறகு உள்புறம் திருப்பி மறுபடியும் அதே வரிசை. ஓட்டையோ கறையோ தெரிந்தால் அதன்மேலேயே அம்பு ஸ்டிக்கர். ஜிராவில் நான் எழுதிப் பழகிய பிழை அறிக்கையை ஒருநாள் வாசித்துக் காட்டினேன். “லாகின் வேலை செய்யவில்லை” என்று ஒரே வரி. “எங்கே என்று காட்டாமல் ரிஜெக்ட் என்று மட்டும் போட்டால் தைத்தவர் எதைப் பிரிப்பார் அம்மிணி?” என்றார். அன்றிலிருந்து எந்த உலாவி, என்ன உள்ளிட்டேன், என்ன வர வேண்டும், என்ன வந்தது, இவை இல்லாமல் ஓர் அறிக்கையும் எழுதியதில்லை. ஜிராவும் பக்ஸில்லாவும் பிழைகளைப் பதிந்து, சரியாகும்வரை பின்தொடரும் பேரேடுகள்தாம். ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பது நம் பாடு.

செலினியம் 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தொடங்கியது. அப்போது இந்தத் துறையின் பெரிய பெயர் மெர்க்குரி, அதாவது பாதரசம், என்ற நிறுவனம். பாதரச நஞ்சுக்குச் செலினியம் மருந்து என்ற கிண்டலில் பிறந்த பெயர் இது. இந்தக் கருவி உலாவியைத் திறந்து, சொன்ன இடத்தில் அழுத்தி, சொன்னதைத் தட்டச்சு செய்யும். கைப்பேசிச் செயலிக்கு ஆப்பியம் வேண்டும். எது சரியான விடை என்பதை நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும். ஜாவாவில் அந்த ஒப்பீட்டுக்கு டெஸ்ட்என்ஜி அல்லது ஜேயூனிட். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒவ்வொரு படிக்கும் நடுவில் “ஐந்து நொடி தூங்கு” என்று ஒரு வரி போடச் சொன்னார். மையத்தில் ஓடிய நிரல் வீட்டின் மெதுவான இணைப்பில் பாதியில் விழுந்தது, பொத்தான் ஆறாவது நொடியில்தான் வந்தது. “பொத்தான் அழுத்தத் தயாராகும்வரை காத்திரு” என்று எழுதும் முறையை முதல் வாரத்திலேயே பழகிவிடுங்கள்.

ஜேமீட்டர் பலர் ஒரே நேரத்தில் வந்தால் தளம் தாங்குமா என்று பார்ப்பது. அதில் ‘திரெட் குரூப்’ என்று ஒன்று. எங்கள் ஊரில் திரெட் என்றால் நூல். இங்கே ஒரு திரெட் ஒரு பயனர். நான் 500 போட்டு, அத்தனை பேரும் வந்து சேர ஒரே நொடி என்று கொடுத்தேன். என் மடிக்கணினியில் ஓடிய மாதிரித் தளம் விழுவதற்குள் மடிக்கணினியே உறைந்துவிட்டது. பளு ஏற்றும்போது பொத்தான்கள் உள்ள சாளரத்தில் ஓட்டாதே, கட்டளைவரியில் ஓட்டு என்று ஜேமீட்டர் திறக்கும்போதே கருப்புச் சாளரத்தில் எழுதிக் காட்டுகிறது. யார் படிக்கிறார்கள்! அடுத்தவர் தளத்தின்மேல் இதை ஏவிப் பழகாதீர்கள். அது தாக்குதலாகவே பார்க்கப்படும்.

போஸ்ட்மேன், மென்பொருள்கள் தமக்குள் பேசிக்கொள்ளத் திரைக்குப் பின்னால் இருக்கும் வாயிலான ஏபிஐக்கு நேரடியாகக் கோரிக்கை அனுப்பிப் பார்ப்பது. கற்பது சுலபம், ஏமாறுவதும் சுலபம். சரவணம்பட்டியில் ஒரு நேர்காணலில் ஆர்டர் பதியும் கோரிக்கையை அனுப்பச் சொன்னார்கள். 200 என்று பச்சையில் வந்தது. “பாஸா?” என்றார் நேர்காணல் எடுத்தவர். “ஆமாம் சார்” என்றேன். வந்த பதிலின் உள்ளடக்கத்தைக் கீழே இழுத்துக் காட்டினார். எண்ணிக்கை மைனஸ் 5, மொத்தத் தொகையும் மைனஸில். சேவையகம் கோரிக்கையை ஏற்றது என்பதற்குமேல் அந்த 200 எதையும் சொல்லவில்லை. அந்த வேலை கிடைக்கவில்லை.

செலினியத்தை விட்டுவிட்டு, அதைப் போலவே உலாவியை இயக்கும் பிளேரைட் படிக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்கிறார்கள். 2020இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது. பொத்தானுக்காக அதுவே காத்திருக்கும் என்பது பெரிய நிம்மதி. ஆனால் கோவையில் நான் போன நேர்காணல்களில் எல்லாம் ஜாவாவும் செலினியமும்தான் கேட்டார்கள். உத்திகள் பாடத்தை முடித்துத் தேர்வை எழுதிவிட்டு, போஸ்ட்மேன், பிறகு செலினியம் என்று போங்கள். ஜேமீட்டருக்கு ஒரு வாரம் போதும். பிளேரைட்டை வேலை கிடைத்தபின் அலுவலக மடிக்கணினியில் பார்த்துக்கொள்ளலாம். என்னுடையது இப்போதும் விசிறிச் சத்தத்தோடுதான் திறக்கிறது.